சும்மா ஓடுகிற பெட்டி

நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள பனியன் கம்பெனியின் கணினி அறையில் இரண்டு சர்வர்கள் அருகருகே நிற்கின்றன. ஆர்டர் விவரம் முழுவதையும் சுமக்கும் பழையது கரகரவென்று முனகுகிறது. அதன் டிஸ்க் இன்றோ நாளையோ என்றிருக்கிறது. அது விழுந்தால் அந்த நொடியே வேலையை ஏற்றுக்கொள்ள, ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் நகலெடுக்கும்படி கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சத்யப்பிரியா போன வாரம் அமைத்த புதியதோ விளக்கணைந்து கிடக்கிறது. “யாருங்ணா இத அமத்துனது?” என்கிறாள் அவள். “நாந்தான் கண்ணு,” என்கிறார் மேனேஜர் ஞானசம்பந்தம், வெகு திருப்தியாக. “யாரும் தொடாம சும்மா ஓடிட்டிருந்துச்சு. நிட்டிங் மிஷினையே அப்புடி உட மாட்டனே.” “சும்மா ஓடுலீங்ணா! அதப் பாத்து இது எழுதிட்டே இருக்கோணும்.” “அது சாகற வரைக்கும் இதுக்கு வேற சோலியில்லயா?” “இல்லீங்ணா.” “அப்பறம் என்னத்துக்குக் கண்ணு கரண்ட்டு?”

சத்யப்பிரியா சுவிட்சைப் போடுகிறாள். பச்சை விளக்கு கண் திறக்கிறது. எல்லாம் முதலிலிருந்து நகலாகத் தொடங்கி, திரையில் ஒரு சதவீதம் என்று வருகிறது. பழையது இருமிவிட்டு மறுபடி முனகுகிறது. ஞானசம்பந்தம் அறையைவிட்டு நகர்வதாயில்லை. அவள் சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்கிறாள். இரண்டு சதவீதம்.