வேலைக்கு முன் பதினைந்து நிமிடம்

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பஸ் திடலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. வேலை தொடங்குமுன் பெண்களின் கால்களுக்கு வலுவேற்ற நிர்வாகம் ஏற்பாடு செய்த பயிற்சி இது. நீல மேலங்கியோடு இருபது பேர் வரிசையாக நிற்கிறார்கள். பயிற்சியாளர் தர்மினி கைகளை முன்னே நீட்டி, "முதுகு நேரா இருக்கட்டும். பின்னால ஒரு நாற்காலி இருக்குன்னு நெனச்சு மெதுவா உட்காருங்க," என்கிறாள். சூப்பர்வைசர் சுகுமாரன் கைப்பேசியில் படம் எடுக்கிறார். இருபத்திரண்டு வயது ரூபினி இறங்கி எழுகிறாள். பதினெட்டாவது முறை தொடை நடுங்குகிறது. வியர்வை கண்ணில் எரிகிறது. "இன்னும் கீழ லா! நாற்காலிய நெனைங்க!" என்கிறாள் தர்மினி. ரூபினி பாதியிலேயே நிமிர்கிறாள். "போன மாசம்தான் எங்க நாற்காலியெல்லாம் தூக்கிட்டாங்க. உட்கார்ந்தா வேல மெதுவாகுதாம். பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே செய்றோம். இப்ப இல்லாத நாற்காலிய வேற நெனச்சுக்கணுமா?" தர்மினியின் நீட்டிய கைகள் தாழ்கின்றன. அவள் சுகுமாரனைத் திரும்பிப் பார்க்கிறாள். "பேசாம செய் லா, ரூபினி," என்கிறார் அவர், கைப்பேசியை இறக்காமலே. ரூபினி அந்தக் கைப்பேசியை நேராகப் பார்த்தபடி, சூடேறத் தொடங்கிய தார்த்தரையில் கால்களை நீட்டி உட்காருகிறாள். பக்கத்தில் நிற்பவளும் உட்காருகிறாள். அடுத்தவளும்.