இரண்டாம் பக்கத்தில் யாரோ

தொண்ணூற்று நான்கில், பாளையங்கோட்டையில் தனியாக இருந்த கார்த்திகேசன், பெங்களூரிலிருந்து ஜெராக்ஸ் பிரதியாக வரும், மெட்டல் என்கிற முரட்டு ராக் இசைக்கான பத்திரிகைக்கு விமர்சனம் எழுதிவந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போட்டது ஸ்லட்ஜ் மெட்டல் என்று அதிலேயே மந்தமான, கனத்த வகை இசைத்தட்டு ஒன்று. தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு இசைக்குழு. கையில் காசில்லாமல் ஏதோ கார் ஷெட்டில் வைத்துப் பதிந்திருந்தார்கள். முதல் பக்கம் வெறும் இரைச்சல். இரண்டாம் பக்கமோ ஆற்றில் வெள்ளம் வடிந்தபின் கிடக்கிற சேறுபோலக் கனத்து ஊர்ந்தது. நல்ல மதிப்பெண் போடலாம் என்று நினைக்கையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாருவே அது?"

போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். ஒருவரும் இல்லை. அந்தக் கதவை யாரும் தட்டியே வருஷக்கணக்காகிறது. மதில்மேல் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சங்கரியிடம் கேட்டார்.

"நா எதுக்கு அண்ணாச்சி தட்டுதேன்? இந்த இரைச்சல்ல தட்டினாலும் கேக்கவா போவுது?"

இன்னொரு தடவை கேட்காமல் அவர் மதிப்பெண் போடுவதில்லை. மறுபடி ஊசியை வைத்தார். அதே இடத்தில் கதவு தட்டும் சத்தம் வந்தது. இசைத்தட்டிலேயே பதிந்திருக்கிறது! அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து, "யாருவே அது?" என்று அவருடைய குரலே அதிலிருந்து கேட்டது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

கார்த்திகேசன் எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு வந்து, மறுபடியும் போட்டார். இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. அந்த இடத்தில், பாயை விரித்து ஒருவர் மெல்ல உட்காரும் ஓசை கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.