மணிக்குள் எறும்புகள்

காலையில் அழைப்புமணி விட்டுவிட்டு அடித்தது. "உன் பொண்ணாத்தான் இருக்கும். கதவத் தொறந்த, தெரியும் சேதி!" என்றார் தணிகாசலம் மனைவியிடம். தானே ஒருவனைத் தேடிக்கொண்டாள் என்று மகள் பூங்கோதையை அவர் வீட்டுப்படி ஏற விடாமல் ஒரு வருஷமாகிறது. வசுமதி ஓடிப்போய்த் திறந்தாள். வாசலில் யாருமில்லை, மணி மட்டும் அடித்தது.

மெயினை அணைத்துவிட்டு மணியின் சுவிட்சைக் கழற்றினாள். இரண்டு தகடுகளுக்கு நடுவே எறும்புகள் கருகிக் கிடந்தன. ஷாக் அடித்துச் செத்தவற்றின் மேலேயே அடுத்தவை ஏறி, மின்சாரத்துக்குப் பாலம் போட்டிருந்தன. சுவரோரம் இன்னும் ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது.

"செத்த எடத்துக்கே வருது பாரு, சூடு சொரணை இல்லாத ஜென்மங்க. மருந்தத் தூவு."

"அதுங்க சொந்தம் அங்க கெடக்கு. வராம எப்படி இருக்கும்?"

வசுமதி கையைத் தட்டிவிட்டு உள்ளே போய், புடவை மாற்றிப் பையோடு வந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"பூங்கோதை வீட்டுக்கு."

"போனா அப்படியே போயிடு. திரும்பி வராத!"

"சரிங்க," என்று செருப்பை மாட்டினாள். "குக்கர்ல இன்னும் ரெண்டு விசில் வரணும். எண்ணிட்டு நீங்களே அடுப்ப அணைச்சிடுங்க."