வற்றாத கிணறு

அறுப்பு முடிந்த தன் வயலில் கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெளியூர் இளைஞனிடம் தணிகாசலம் போனார்.

"இன்னா படிச்சிகீறே நைனா?"

"ஜியாலஜிங்க. கல்லு, மண்ணு பத்தின படிப்பு."

தணிகாசலம் மனைவி முத்தம்மாளிடம் முணுமுணுத்தார்: "கல்லு படிச்சவனுக்கு இங்க இன்னா வேலை? ஃபேக்டரிக்கு எடம் பாக்க வந்துகீறான். நல்ல வெளைச்சல் நெலம்னா வுட்டுடுவான்."

"கெணத்துல தண்ணி எப்படிங்க?" என்றான் அவன்.

கிணறு காய்ந்து கிடந்தது.

"வத்தவே வத்தாது சார். முப்போகம் வெளையற பூமி!"

அவன் சிரித்தபடி பையை மூடினான். "அப்ப உங்களுக்குக் கவலையில்ல. தண்ணியில்லாத நெலத்துலதான் சர்க்கார் செலவுல போர்வெல் போடறோம். பக்கத்து வயல்ல கேக்கறேன்."

அவன் வரப்பில் இறங்கி நடந்தான்.

முத்தம்மாள் காலிக் குடத்தைக் கீழே வைத்தாள்.

"முப்போகமா?" என்றாள்.