மலை பார்த்த ஜன்னல்

மலையடிவாரத்து வேங்கிக்காலில் ஒருவழியாக வீடுகள் மறுபடி விலைபோகத் தொடங்கியிருந்தன. ரேவதியின் வீட்டை மட்டும் உள்ளூர்க்காரர்கள் யாரும் சீந்தவில்லை. காரணம் தெருவுக்கே தெரியும். சென்னையிலிருந்து வந்த விமல்ராஜுக்குத் தெரியாது.

வீடு பார்க்க வந்த அன்று அவன் பின்னறையின் இறுகிப்போன ஜன்னலைத் தள்ளித் திறந்து, மலையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றான்.

"இந்த ரூமுக்கு மட்டும் புது பெயின்ட் அடிச்சிருக்கீங்களே?"

"மழை ஈரம் எறங்கிடுச்சுங்க, அதான்" என்று பொய் சொன்னாள்.

பத்திரம் முடிந்து, வீட்டு வாசலில் சாவியைக் கொடுக்கும்போது ரேவதி உண்மையைச் சொன்னாள்.

"மன்னிச்சிடுங்க சார். அந்த ரூம்லதான் எங்க மாமியார் படுத்த படுக்கையா கெடந்து செத்தாங்க. கெட்ட நட்சத்திரத்துல போனதால ஆறு மாசம் ரூமைப் பூட்டி வச்சிருந்தோம். சொன்னா வாங்க மாட்டீங்கன்னு மறைச்சிட்டேன்."

விமல்ராஜ் தலைகுனிந்தான்.

"நானும்தாங்க மறைச்சிட்டேன். எங்கப்பாவுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டருங்க கைவிரிச்சிட்டாங்க. மலையைப் பாத்துக்கிட்டே கண்ணை மூடணும்ங்கறாரு. சாகப்போறவருக்குன்னா யாரும் வாடகைக்குக்கூட வீடு தரல. நீங்களும் மனசு மாறிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

காரின் பின்சீட்டில் சாய்ந்திருந்த பெரியவரை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"உங்க மாமியார் குடுத்து வச்சவங்க. கடைசிவரைக்கும் மலையைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பாங்க, இல்லீங்களா?" என்றான் விமல்ராஜ்.



'அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து விடும்மா' என்று மாமியார் தினமும் கெஞ்சினாள். கொசு வரும் என்று ரேவதி ஒருநாளும் திறக்கவில்லை.