கோட்டுக்கு இந்தப் பக்கம்

"அண்ணா, ஒரே அடிதான். கோட்டைத் தாண்டி வந்து உக்காருங்களேன்" என்றாள் சின்னப்பொண்ணு, கூழ்ச் சட்டியைத் துழாவியபடி.

காசிநாதன் தாண்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

அரை மாரத்தான் முடியும் இடம் என்று வெள்ளைப் பெயின்டில் போட்டுவிட்டுப் போன கோடு அது. இருபத்தோரு கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி பக்கம் கிளம்பி, மலையடிவாரத்தில் அவளுடைய கூழ் வண்டிக்கு எதிரே முடிகிறது.

காசிநாதன் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். நாற்பத்தெட்டு வயது, நல்ல தொப்பை. போன வாரம் வரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனுஷர். இன்னும் பன்னிரண்டே நாளில் ஓடப்போகிறாராம். காலையில் பாதி வழி பஸ்ஸில் வந்து இறங்கி, மீதியை ஓடி வருவார்.

எதிரே பஞ்சர் கடை தமிழழகனுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"இன்னா அண்ணாத்த, கோட்டுக்கு அந்தாண்ட கரண்ட்டு அடிக்குதா?"

காசிநாதன் சிரித்ததோடு சரி.

கோடு மட்டுமா? வலது கையில் ஒரு முழக் கயிறு. மறுமுனை சும்மா ஆடிக்கொண்டே வரும். கூடவே பேச்சு வேறு.

"லெப்ட்ல பள்ளம்... பத்தடியில வேகத்தடை... எறக்கம், மெதுவா..."

பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது.

"மண்டை கொழம்பிபூட்சி" என்பான் தமிழழகன்.

சின்னப்பொண்ணுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கூழை நீட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"யாராண்ட பேசிக்கினு வர்றீங்க?"

"பழகிக்கினு இருக்கேன்மா."

"இந்த வயசுல இது தேவையா? மூச்சு நின்னுடப் போவுது."

"மூச்சு கெடக்குது. நான் பாதியில நின்னா இன்னொருத்தர் ஓட்டமும் நின்னுபூடும். அதான் பயம்."

"யாருங்க அது?"

"முடிச்சிட்டுச் சொல்றேன். முடியலன்னா அந்தப் பேரு எதுக்கு வெளிய வரணும்?"

"பந்தயம் கட்டிக்கிறாருக்கா" என்றான் தமிழழகன். "தோக்கத்தான் போறாரு."

நாலு நாள் இருக்கையில் முழங்கால் வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே வந்தார். அன்றும் கோடு வரைதான்.

ஓட்டத்தன்று ஊரே கோட்டருகே நின்றது. முதலில் வந்தவர்கள் மெடல் வாங்கி, போட்டோ எடுத்து, வண்டியேறிப் போனார்கள். கூழ்ச் சட்டி காலியாகிவிட்டது. காசிநாதனைக் காணோம்.

"எங்கனா பஸ் ஏறி வூட்டுக்குப் போயிருப்பாரு" என்றான் தமிழழகன்.

பேர் தெரியாத அந்த இன்னொருத்தரை நினைத்து சின்னப்பொண்ணு சாலை வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வளைவில் ஒரு தொப்பை தெரிந்தது.

அதே நொண்டல். அதே கயிறு. ஆனால் மறுமுனை இன்று ஆடவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் கையில் இருந்தது.

"லெப்ட்ல பள்ளம், தனுஷா. இப்பிடி வா. பத்தடியில வேகத்தடை."

"எம் பொண்ணுதாங்க" என்றாள் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்த ஓர் அம்மாள். "பொறந்ததிலேர்ந்து கண்ணு தெரியாது. கூட ஓட வேண்டிய பொண்ணு கால ஒடிச்சிக்கினா. எதுத்த வூட்டு அண்ணன், நான் ஓடறேன்னுட்டாரு. இவ ஹாஸ்டல்லேர்ந்து நேத்துதான் வந்தா."

கோடு வந்தது. ஓர் அடி முன்னால் காசிநாதன் நின்றார்.

"தாண்டு அண்ணாத்த!" தமிழழகன் தன்னை மறந்து கத்தினான்.

"ஐயோ, வேணாங்க. அவரு முன்னால தாண்டிட்டா எம் பொண்ணு ஓடுனது செல்லாது" என்றாள் அம்மாள்.

தமிழழகன் கோட்டை விட்டு ஓரமாய் விலகி வழிவிட்டான்.

தனுஷா தாண்டினாள். கூட்டம் கைதட்டியது. கயிறு இறுகவும், அவள் திரும்பி, அதை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"வாங்க மாமா. ஒரே அடிதான். மேடு பள்ளம் ஒண்ணும் இல்ல."