இடது முன்சக்கரம்

பந்தயக் கார் அணியில் டயர் கழுவும் ஆளாகச் சேர்ந்த கபிரியேல், பிறகு சக்கரம் மாட்டி, பெட்ரோல் நிரப்பி, அன்றுதான் முதல்முறையாகத் தலைமை மெக்கானிக்கின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அதில் முன்பு இருந்தவரை முதலாளி போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பினார். முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த காரைப் பாதியில் நிறுத்தச் சொன்னதுதான் அவர் செய்த குற்றம்.

இன்றும் அவர்களுடைய கார்தான் முந்திக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றுகள். ஹெட்போனில் ஓட்டுநர் நிரஞ்சனின் குரல் கேட்டது.

"அண்ணே, இடது முன்சக்கரம் லேசா ஆடுது. உள்ள வந்துரட்டுமா?"

நட்டு தளர்ந்தால் சக்கரம் அப்படித்தான் ஆடும். எத்தனையோ வருடம் அதை முடுக்கியவனுக்கு அது தெரியாதா? 'வந்துரு' என்று சொல்ல வாயெடுத்தான். பின்னால் நின்ற முதலாளி அவன் தோளில் மெதுவாகக் கைவைத்தார். வேறொன்றும் செய்யவில்லை.

"ரப்பர் துணுக்கு ஏதாச்சும் ஒட்டியிருக்கும் தம்பி. நீ ஓட்டு" என்றான் கபிரியேல்.

"நீங்க சொன்னா சரிண்ணே."

நிரஞ்சனின் குரலில் இருந்த கவலை அப்படியே வடிந்துவிட்டது. கார் இன்னும் வேகமெடுத்து, அவர்கள் முன்னால் சீறிக் கடந்து, மண்மேட்டுக்குப் பின்னால் வளைந்து மறைந்தது.

தோளில் இருந்த கை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தது. அணியில் சிலர் இப்போதே விசிலடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கபிரியேல் எழுந்து நின்று மேட்டின் மறுமுனையைப் பார்த்தான்.

அங்கிருந்து முதலில் வெளியே வந்த கார் அவர்களுடையது இல்லை.